முப்பத்தெட்டு ஏமாற்றுக்காரர்கள்

"வணக்கம், நாகலிங்கம் அவர்களே. இன்று காலை வேளை மருந்தை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் உடல்நலம் உங்கள் பொறுப்பு" என்றது இன்ஹேலர். தேன் தடவிய பெண் குரல்.

நாகலிங்கம் அப்போதுதான் அதை வாயிலிருந்து எடுத்திருந்தார். இன்னும் மூடிகூடப் போடவில்லை.

"கேட்டீங்களா?" சாந்தாமணி சமையலறையிலிருந்து தோசைக் கரண்டியோடு வந்தாள். "பொய் சொல்றது அதுங்களா, நீங்களா?"

"எடுத்தேன் சாந்தா. நீ பாத்துட்டுத்தான இருந்தே..." அதற்கு மேல் பேச முடியாமல் இருமல் வந்து அவரை நாற்காலியில் மடக்கிப் போட்டது.

"நான் தோசையைப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள் அவள்.

சாந்தாமணிக்குப் பெயரில் மட்டும்தான் சாந்தம். அவள் சத்தம் போட்டால் செல்வபுரத்தில் நாலு வீடு தள்ளிக் குக்கர் விசில் காதில் விழாது. ஆனால் அந்த வாரம் வந்திருந்தது தெருவுக்குப் பழக்கமான கோபமல்ல. பயத்தில் வந்த கோபம். முந்தின நாள்தான் அரசின் 'உயிர்மூச்சு' திட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நாகலிங்கம், வயது அறுபத்திரண்டு, நுரையீரல் விதைப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார். மருந்து ஒழுங்கு மதிப்பெண் நூற்றுக்குப் பதினொன்று. ஏமாற்றும் நோக்கம் கண்டறியப்பட்டது.

விதைப்பு என்கிற வைத்தியம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. நோயாளியின் சொந்த நுரையீரலிலிருந்தே ஒரு துளி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மறுபடி உள்ளே தூவுகிறார்கள். கரைந்துபோன காற்றறைகள் இருந்த இடத்தில் புதியவை முளைக்கின்றன. கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தவர்கள் மருதமலைப் படியேறிப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். நாகலிங்கத்துக்கு அதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது இல்லையென்றால் எத்தனை நாள் என்று சாந்தாமணி தனியாகக் கேட்டாள். எட்டு மாதம், மிஞ்சினால் பத்து என்றார்.

வீங்கிக் கிடக்கும் நுரையீரலில் விதை பிடிக்காது. வீக்கம் வடிய வேண்டுமானால் காலையும் மாலையும் விடாமல் இந்த மருந்துப்பொடியை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்தாரா இல்லையா என்பதை இன்ஹேலரே கவனித்து மேலிடத்துக்குச் சொல்லிவிடும். மூச்சு எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் போகிறது என்று அளக்கிற ஏற்பாடு அதற்குள் இருந்தது. தொண்ணூறு நாள் தொடர்ந்து எண்பது மதிப்பெண் வாங்கினால் விதைப்பு. வாங்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு இடம். இந்த விதியில் சாந்தாமணிக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. மருந்தே எடுக்காதவனுக்கு வைத்தியம் எதற்கு என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் அவள் கருவியை நம்பினாள், புருஷனை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. இருமலை இரண்டு வருடம் தூசி என்றும் பனி என்றும் சொல்லி மறைத்த மனிதர் அவர். மறைக்கத் தெரிந்தவர் எதையும் மறைப்பார். தோசைச் சண்டைக்கு மறுநாள் காலையில், நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு, பால் வாங்க வந்தவர்களும் குப்பை வண்டிக்காரர்களும் பார்க்க, அங்கேயே உட்கார்ந்து மருந்தை எடுக்கச் சொன்னாள். அவர் எடுத்தார். எடுக்கவில்லை என்று தேன் குரல் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னது.

"சாகறதுன்னா சொல்லிட்டுச் சாவுங்க" என்றாள் சாந்தாமணி. "என்னை ஏமாத்திட்டுச் சாவாதீங்க."

நாகலிங்கம் இன்ஹேலருக்கு மூடியைப் போட்டார். ஏமாற்று என்ற வார்த்தை அவருக்கு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நகைப் பட்டறையில் நாற்பது வருடம் உட்கார்ந்தவர். தங்கம் கொண்டுவந்து கொடுக்கிற ஒவ்வொருவரும், எதிரே உட்கார்ந்து அவர் விரல்களையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். மற்ற எந்தத் தொழிலிலும் வேலை செய்பவனை இப்படித் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பதில்லை. ஒரு முறை ஒரு பெரிய மனிதர் தராசில் இம்மி குறைகிறது என்று வாயைவிட்டதற்காக, அவர் கண் முன்னாலேயே பட்டறைத் தரையைப் பெருக்கி, அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி அவர் கையில் கொடுத்து அனுப்பியவர் நாகலிங்கம். அந்த ஆளைத்தான் அவள் தெருவில் உட்காரவைத்து ஏமாற்றுக்காரன் என்றாள். சொன்ன பிறகு நாலு நாள் முகம் கொடுத்தும் பேசவில்லை.

நாலாம் நாள் மாலை, முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்துகொண்டாள். தோசையும் இல்லை, டிவியும் இல்லை. அவர் முகம் மட்டும். அவர் பொத்தானை அழுத்தினார். குழலை உதட்டில் பொருத்தினார். கன்னம் உப்பியது. மூக்கு விடைத்தது. நெஞ்சு மெல்ல ஏறியது. சத்தியமாக மூச்சை இழுத்தார், அவளே பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை என்றது கருவி. சாந்தாமணி அதைப் பிடுங்கப் போனவள், அவர் மீசையைப் பார்த்து நின்றாள். நரைத்த மயிரில் நரையைவிட வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கசந்தது.

"மருந்து வெளியில கெடக்குதுங்க" என்றாள். நாலு நாள் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் காலை மேல்முறையீட்டு மையத்துக்குப் போனார்கள். நுரையீரல் நோயாளிகளுக்கான மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. இதைக் கட்டியவனும், இதைத் திறந்துவைத்தவனும், லிஃப்ட் ரிப்பேர் என்று அட்டை எழுதி மாட்டியவனும் நன்றாக மூச்சு விடுகிறவர்கள் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆறு படிக்கு ஒரு முறை நாகலிங்கம் நின்றார். நின்ற ஒவ்வொரு படியிலும் அவள் அந்த மூன்று பேரையும் திட்டினாள்.

உள்ளே பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் தஸ்லிமா என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். அவரைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தாள். அதனால் அவள் மீது சாந்தாமணிக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது.

"இது பாருங்கம்மா." தஸ்லிமா திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். "மருந்தை இழுத்தா கோடு கீழ போகோணும். ஐயாவுக்கு ஒவ்வொரு தடவையும் மேல போகுது. அப்படின்னா இழுக்கலை, ஊதறாருன்னு அர்த்தம்."

"ஊதறாரா? எதுக்கு ஊதோணும்?"

"சில பேரு அப்படிப் பண்ணுவாங்கம்மா. மருந்து பிடிக்காது. ஆனா விதைப்பு வேணும். குழல்ல காத்துப் போனாப் போதும், எந்தப் பக்கம் போனா என்னன்னு நெனச்சு ஊதிருவாங்க. அதனால ஊதினா ஏமாத்துன்னு எங்க சிஸ்டம் எழுதிக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "ஐயா மட்டுமில்ல. ஐயாவையும் சேத்து உங்க வார்டுல இதே மாதிரி முப்பத்தெட்டுப் பேரு. ஒரே மாதிரி கோடு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்திருக்காங்க, கூட்டு மோசடின்னு மேல சந்தேகப்படறாங்க."

"நான் இழுத்தேன் கண்ணு" என்றார் நாகலிங்கம். படியேறிய களைப்பு இன்னும் தீரவில்லை. "மூச்சை இழுங்கன்னு அது சொல்லுது. நான் இழுக்கறேன். எனக்கு வேறெதும் தெரியாது."

"அந்த முப்பத்தெட்டுப் பேரு யாராரு?" என்று கேட்டாள் சாந்தாமணி.

"அது சொல்லக் கூடாதுங்கம்மா" என்றாள் தஸ்லிமா. ஆனால் திரையைத் திருப்பிக்கொள்ளவில்லை. சாந்தாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தாள். அய்யாவு. சுப்பிரமணிய பத்தர். வீராசாமி. கெம்பண்ணன். பத்துப் பெயர் படிப்பதற்குள் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இவங்கெல்லாரும் நகை வேலைக்காரங்க!" என்று கத்தினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒருத்தரு பாக்கியில்லாம எல்லாம் பட்டறையில ஊதுகுழல் வெச்சு நெருப்பு ஊதுனவங்க. ஏம்மா, ஒரு டம்ளர் தண்ணியும் ஜூஸ் குடிக்கற குழாயும் கெடைக்குமா?"

இரண்டும் வந்தன. குழாயைத் தண்ணீரில் விட்டு, "ஊதுங்க, பட்டறையில ஊதற மாதிரி" என்று புருஷனிடம் கொடுத்தாள். அவர் ஊதினார். குமிழி கிளம்பியது. மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாத மனிதர் ஊதிய குமிழி பத்து விநாடி, பதினைந்து விநாடி, இருபது விநாடி என்று நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. இடையில் அவர் மூக்கு இரண்டு முறை விடைத்துச் சுருங்கியதை தஸ்லிமா பார்த்தாள். வாயில் காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கில் காற்று உள்ளே போனது.

"எப்படிங்கய்யா இது?"

நாகலிங்கம் குழாயை எடுத்துவிட்டுச் சற்று இளைப்பாறி, வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று நின்று சொன்னார். "சுடர் அணையக் கூடாதும்மா. நடுவுல மூச்சு வாங்குனா சூடு எறங்கிரும், பத்து, அதான் நகையோட ஒட்டு, பிடிக்காது. அதனால கன்னத்துல காத்தைக் கட்டி வெச்சு வாயில ஊதிட்டே இருக்கோணும். மூக்குல இழுத்துட்டே இருக்கோணும். பன்னெண்டு வயசுல பழகுனது. இப்ப வாயில எந்தக் குழலை வெச்சாலும் மூச்சு மூக்குலதான் வரும். அது நான் பண்றதில்ல. தானா நடக்கறது."

தஸ்லிமா மறுபடி திரையிலிருந்த கோட்டைப் பார்த்தாள். மூச்சை இழுங்கள் என்று கருவி சொல்லியிருக்கிறது. முப்பத்தெட்டுப் பேரும் இழுத்திருக்கிறார்கள். வாயாலா மூக்காலா என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வருடமாக ஒரு துளி மருந்து உள்ளே போகாமல் முப்பத்தெட்டு நெஞ்சுகள் கரைந்துகொண்டிருந்தன. கூடவே அவர்கள் பொய்யர்கள் என்று தினமும் இரண்டு வேளை அவரவர் வீட்டிலேயே அறிவிப்பும் நடந்தது.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டா?" என்றாள் தஸ்லிமா.

நாகலிங்கம் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்தார். சாந்தாமணி கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் புருஷனுடைய மூக்கை இறுக்கிப் பிடித்தாள். பிடித்ததில் பழைய கோபமும் இருந்தது, புதிய பயமும் இருந்தது. நாகலிங்கம் திணறினார். கன்னம் உப்பி அடங்கியது. காற்றுக்கு வேறு வழியில்லாமல் போகவே, வாயால் ஒரே இழுப்பாக இழுத்தார். திரையில் கோடு கிணற்றில் வாளி விழுந்தது மாதிரி சரேலென்று கீழே போனது.

"நன்று, நாகலிங்கம் அவர்களே. தொண்ணூற்று இரண்டு" என்றது தேன் குரல்.

கால் மணி நேரம் கழித்து அவர் சொன்னார்: "சாந்தா, வீட்டுக்குப் போறப்ப உக்கடத்துல எறங்கி மீன் வாங்கிட்டுப் போலாம்." நடுவில் எங்கும் நிற்காமல், ஒரு முழு வாக்கியம். இந்த வாக்கியம் போன வருடமே வந்திருக்க வேண்டியது. சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. கேட்டிருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தாள்.

தஸ்லிமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. விவரத்தை ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு, இருவரையும் மேல்முறையீட்டு அலுவலர் இளம்பரிதியின் அறைக்கு அழைத்துப் போனாள். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்தார்.

"இதை இன்னும் பதிவு பண்ணலையே தஸ்லிமா?"

"இல்லைங்க சார். இப்பத்தான்..."

"நல்லவேளை." அவர் சாந்தாமணி பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்றது அத்தனையும் உண்மைதான். அதுதான் பிரச்சினை. தொழில் பழக்கத்தால ஊதுனாருன்னு எழுதுனா, என்ன தொழில்னு சிஸ்டம் கேக்கும். நகைப் பட்டறைன்னு போட்டா, என்ன வெச்சு நகையை ஒட்டுனீங்கன்னு கேக்கும். ஐயா, என்ன வெச்சீங்க?"

"கேடிஎம்" என்றார் நாகலிங்கம். "அந்தக் காலத்துல கேடிஎம் நகைன்னாத்தான மதிப்பு. கடையில போர்டே வெப்பாங்க. காட்மியம்னு ஒரு சாமான். பத்த வெச்சா நகை சுத்தமா இருக்கும், ஒட்டுத் தெரியாது. பொகை மட்டும் மஞ்சளாட்டம் வரும். மூக்குலதான போகும், வேற எங்க போகும்?"

"எங்கம்மா வளையலெல்லாம் கேடிஎம்தான்" என்றாள் தஸ்லிமா மெதுவாக.

"அந்தப் புகைதான் நுரையீரலைக் கரைச்சது" என்றார் இளம்பரிதி. "அப்ப இது தொழிலால வந்த நோய். தொழிலால வந்த நோய்க்கு எங்க திட்டத்துல எடமில்ல. வேலை குடுத்த முதலாளிதான் வைத்தியம் பாக்கணும்னு சட்டம். உங்க முதலாளி யாருங்கய்யா?"

"முதலாளியா? நாந்தான் என்ற பட்டறையில உக்காந்து ஊதுனேன். கடைக்காரங்க தங்கம் குடுப்பாங்க, வேலை வாங்கிட்டுப் போவாங்க."

"அப்ப சட்டப்படி உங்க முதலாளி நீங்கதான். நீங்க உங்க மேலயே வழக்குப் போட்டு, உங்ககிட்டயே நஷ்ட ஈடு வாங்கணும். தீர்ப்பாயத்துல முடிய நாலஞ்சு வருசம் ஆகும். அதுவரைக்கும் பட்டியல்ல உங்க பேரை நிறுத்தி வெச்சிருவாங்க."

சாந்தாமணி சிரித்தாள். நல்ல சிரிப்பல்ல அது. "நாலஞ்சு வருசமா? டாக்டரு எட்டு மாசம்னு சொல்லியிருக்காரு. செத்ததுக்கப்புறம் யாரு மேல யாருங்க கேஸு நடத்துவாங்க?"

இளம்பரிதி கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. மேஜையிழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். எல்லாம் திரையில் நடக்கிற காலத்தில், இது மட்டும் காகிதத்தில், கையெழுத்தோடு கேட்கப்படுகிற தாள்.

"இன்னொரு வழி இருக்குது. படிவம் ஒன்பது. கீழே கையெழுத்துப் போட்டா, பழைய மதிப்பெண்ணெல்லாம் அழிஞ்சிரும். நாளையிலிருந்து புதுசாத் தொண்ணூறு நாள். இப்ப சரியா இழுக்கறதுக்கும் வழி தெரிஞ்சு போச்சு. தொண்ணூறாவது நாள் விதைப்புக்குப் பேரு தானா வந்துரும்."

சாந்தாமணி தாளை எடுத்து உரக்கப் படித்தாள். "திட்டத்தை ஏமாற்றும் நோக்கத்துடன் நான் வேண்டுமென்றே கருவியில் ஊதினேன். என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வருந்துகிறேன்." கீழே இன்னொரு வரி இருந்தது. "மேற்படி நபர் ஏமாற்றியதை நான் நேரில் கண்டேன். வீட்டாரின் கையொப்பம்."

"ஏமாத்துனேன்னு எழுதிக் குடுத்தா வைத்தியம் உண்டு?"

"திருந்தி வர்றவங்களுக்கு அரசாங்கம் ஒரு வாய்ப்புக் குடுக்குதுங்கம்மா."

"தப்பே பண்ணாதவங்களுக்கு?"

இளம்பரிதி இழுப்பறைக்குள் ஒரு முறை தேடிப் பார்த்தார். "அதுக்குப் படிவம் இல்லீங்கம்மா" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இல்லை.

"சார், மத்த முப்பத்தேழு பேரு?" என்றாள் தஸ்லிமா. "இவரு இதுல கையெழுத்துப் போட்டா, கூட்டு மோசடி நடந்தது உண்மைன்னு ஆயிருமே. பட்டறை, காட்மியம், எதுவுமே ஃபைல்ல இருக்காது. நோய்க்குக் காரணம்கிற கட்டம் காலியாத்தான் இருக்கும். நாளைக்கு யாரு கேட்டாலும், நகை வேலையில ஒருத்தருக்கும் நோய் வந்ததில்லன்னு நாமளே புள்ளிவிவரம் குடுப்போம்."

"விதியை நான் எழுதலை தஸ்லிமா" என்றார் அவர்.

சாந்தாமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. நாற்பது வருடம் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவர்களால்கூட இந்த மனிதர் மீது ஒரு குன்றிமணி குற்றம் சொல்ல முடிந்ததில்லை. இன்று, அவர் நேர்மையானவர் என்று அவளே கண்டுபிடித்து, அவளே நிரூபித்து, நிரூபித்த கையோடு அவர் திருடர் என்று அவளே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட வேண்டாங்க" என்றாள். "வாங்க போலாம். கோர்ட்டுக்குப் போறேன். பேப்பருக்குச் சொல்றேன். ரோட்டுல உக்காருவேன். உங்களை ஏமாத்துக்காரருன்னு எழுத நான் ஒத்துக்க மாட்டேன்."

நாகலிங்கம் கையை நீட்டி அவளிடமிருந்து தாளை வாங்கினார். மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நகைக்குக் கல் பதிக்கிற நிதானத்தோடு தன் பெயரை எழுதினார்.

"என்னங்க பண்றீங்க!"

"அன்னிக்குத் தெருவே கேக்கச் சொன்னே, நான் ஏமாத்துக்காரன்னு" என்றார். கோபமே இல்லாத குரல். மருந்து உள்ளே போயிருந்ததால் மூச்சு இடறவும் இல்லை. "சும்மாவே சொன்னே. இப்ப நான் பொழைக்கறதுக்குச் சொல்லு."

தாளை அவள் பக்கம் நகர்த்தினார். சாந்தாமணி தாளை இன்னொரு முறை படித்தாள். பேனாவை வாங்கினாள். நேரில் கண்டேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கோணலாக விழுந்தது. இளம்பரிதி தாளை வாங்கி முத்திரை குத்தினார். நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வெளியே வரும்போது தஸ்லிமாவின் மேஜையைக் கடக்க வேண்டியிருந்தது. அவள் அவர்களுக்கு முன்னே போய் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டுப் பெயரும் வருகிற மாதிரி திரையைச் சாந்தாமணி பக்கம் முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லிப் போனாள். ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் சாந்தாமணி ரேஷன் பையின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். முகவரி எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. எல்லாம் அவள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்வந்த வீடுகள்.

மறுநாள் காலை, துணி காயப்போடுகிற கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு நாகலிங்கம் மருந்தை இழுத்தார்.

"நன்று, நாகலிங்கம் அவர்களே. தொண்ணூற்று நான்கு. தங்கள் மனமாற்றத்தை மனமாரப் பாராட்டுகிறோம்" என்றது இன்ஹேலர்.

சாந்தாமணி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாசலைத் தாண்டிச் சாக்கடை வரைக்கும் போகிற மாதிரி வீச அவள் கையில் தெம்பு இருந்தது. வீசவில்லை. இன்னும் எண்பத்தொன்பது நாள் இருந்தது. மூடி போட்டு அலமாரியில் வைத்தாள்.

"எங்க கெளம்பிட்டே?" என்றார் நாகலிங்கம், மூக்கில் கிளிப்போடு.

"மோசடி பண்ணத்தான்" என்றாள் அவள். "கூட்டுச் சேந்து பண்றோம்னு அவங்களே எழுதிட்டாங்க. நெசமாலுமே சேந்துட்டாப் போகுது. எல்லாரும் கையெழுத்துப் போடட்டும், எல்லாருக்கும் விதைச்சு முடிக்கட்டும். அப்புறம் முப்பத்தெட்டுப் பேரும் அந்த மூணு மாடியையும் நிக்காம ஏறிப் போய், என்ன பொகையை இழுத்தோம்னு சொல்லுவீங்க. நானும் வருவேன்."

ஒரு டஜன் கிளிப்பை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீடு அய்யாவுடையது. கதவைத் தட்டியபோது உள்ளே இருமல் சத்தம் கேட்டது. இருமல் ஓய்ந்ததும், அந்த வீட்டுத் தேன் குரல், அய்யாவு அவர்கள் மருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே அவர் மனைவி அழுகிற குரலில் அவரைத் திட்டுவதும் கேட்டது. கதவு திறந்தது. அய்யாவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீசையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

"அண்ணா, நீங்க திருடருன்னு எழுதிக் கையெழுத்துப் போடோணும்" என்றாள் சாந்தாமணி. "சித்தே உள்ள வரட்டுங்களா?"